துயரத் தையல்காரரின் மஞ்சள் வாளி

"உங்கள் பகுதி எந்த வகையில் கவனிக்கப்படாமல் விடப்பட்டது? அது உங்களை எப்படிக் காயப்படுத்தியது? இருநூற்றைம்பது சொற்களுக்குள் எழுதுக."

விண்ணப்பத்தின் நான்காவது கேள்வி இது. போன ஜூன் மாதம், பள்ளிப் படிப்பு முடிந்த மறுவாரம், சமையலறை மேஜையில் உட்கார்ந்து மூன்று நாள் இதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் எழுத வரவில்லை. காயம் இல்லாமல் இல்லை. ஆனால் எந்தக் காயத்தில் தொடங்குவது? இருநூற்றைம்பதாவது சொல்லில் எந்தக் காயத்தோடு நிறுத்துவது?

இப்படிப் பதில் தெரியாமல் ஒருவர் விழிக்கும் இடத்தில்தான் நான் சொல்லவந்த மனிதர் முளைப்பார். அவர் பெயர் எதுவாகவும் இருக்கலாம். இனம் ஒன்றுதான்: துயரத் தையல்காரர்.

நீங்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளையர் அல்லாத, யாரும் எட்டிப் பார்க்காத தெருக்களில் வாழும் கலைஞர்களுக்கு ஓர் அறக்கட்டளை நிதி தரப்போகிறது என்று அறிவிப்பு வந்த மூன்றாம் நாள், நூலகத்தின் அடித்தள அறையில், பத்து மடக்கு நாற்காலிகளுக்கு எதிரே, கழுத்தில் கண்ணாடியும் கையில் ஒரு கட்டு விண்ணப்பமுமாக அவர் நிற்பார். ஓவியம் தெரியாது. பாட்டு வராது. களிமண்ணைத் தொட்டதில்லை. ஆனால் உங்கள் துயரத்துக்கு அளவெடுப்பார். இடுப்பில் பிடிப்பார், நீளம் குறைந்தால் ஒட்டுப்போடுவார், எங்காவது மகிழ்ச்சி துருத்திக்கொண்டிருந்தால் கத்தரித்துவிடுவார். கூலி கேட்கமாட்டார். அதுதான் பயமே.

எங்கள் தையல்காரரின் பெயர் கார்னீலியஸ் டாலிவர். எங்களைப் போலவே கறுப்பினத்தவர், எங்கள் தேவாலயம்தான், முன்வரிசை. முன்பு ஆயுள் காப்பீடு விற்றவர். அதாவது, நேராத துக்கத்தை நேர்ந்ததுபோலச் சொல்லிப் பழகிய நாக்கு.

அவரிடம் நாங்கள் ஏன் போனோம்? என் அக்கா ஒடெஸாவின் நாரைக்காக.

அக்கா அமெரிக்காவின் மில்வாக்கி நகரப் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். பகலெல்லாம் பேருந்து, சாயங்காலம் நாரை. பழைய கார்களின் சைலன்சர்களை வெட்டி, வளைத்து, பற்றவைத்து நாரைகள் செய்வாள். எங்கள் தெருமுனையில் ஒரு காலி மனை இருக்கிறது. வீடு எரிந்துபோய், இடித்துத் தள்ளி, பதினோரு வருடமாக வெறும் புல். அங்கே இருபதடி நாரை ஒன்றை நிறுத்த நகராட்சி அனுமதி கொடுத்தது. ஒரே நிபந்தனை: ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதிக்குள் சிற்பம் தரையில் ஊன்றி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மனை பக்கத்துக் கார் வியாபாரிக்குப் போய்விடும், வண்டி நிறுத்த. இரும்புக்கும் சிமெண்டுக்கும் தூக்கு இயந்திரத்துக்கும் அக்காவின் சம்பளம் காணாது. ஆகவே நிதி. ஆகவே நான்காவது கேள்வி.

வீட்டில் எழுத வருகிறவள் நான் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. "எனக்கு நாரை நின்னா போதும். நீ என்னத்த வேணா எழுது," என்றாள் அக்கா.

டாலிவர் அவர்களின் வகுப்புக்கு ஒரு சடங்கு உண்டு. ஒவ்வொருவராக எழுந்து தங்கள் வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். துன்பம் வரும் இடத்தில் தலை மெதுவாக ஆடும். நல்ல செய்தி ஏதாவது வந்தால் ஒரு கண் மட்டும் திறக்கும். பேசுகிறவர் அந்தக் கண்ணைப் பார்த்ததும் நல்ல செய்தியை விழுங்கிவிடுவார். பேச்சு முடிந்ததும் கண்ணாடியைத் துடைத்து, பெருமூச்சு விட்டு, எல்லாரிடமும் ஒன்றே சொல்வார்: "நல்லாருக்கு. இன்னும் ஆழமா போங்க."

எவ்வளவு ஆழம்? அடுத்த உரையாடலைக் கேளுங்கள். எழுந்தவர் எலியுட், போர்ட்டோ ரிக்கோ மேளக்காரர்.

"அம்மா என்ன பண்றாங்க?"

"வக்கீல்."

ஒரு கண் திறந்தது. "வக்கீலா? வக்கீல் வீட்டுல துணி துவைச்சாங்கன்னு போடலாமா?"

"எங்க அம்மா படிச்சா என் மேலயே வழக்குப் போடுவாங்க சார்."

"அப்ப 'நீதிமன்ற வாசல்களில் காலம் கழித்த தாய்'னு போடுங்க. பொய்யில்லையே?"

எங்கள் முறை வந்தது. நான் எழுந்தேன்.

"அப்பா எப்பப் போனாரு?" என்றார்.

"எங்க போனாரு? வீட்டுலதான் இருக்காரு. அச்சகத்துல வேலை பாத்து ஓய்வு வாங்கிட்டாரு."

இரண்டு கண்களும் திறந்துவிட்டன. எழுந்து வந்து என் தோளைத் தொட்டு ஆறுதல் சொன்னார். "பரவாயில்ல சிஸ்டர். அது உங்க தப்பு இல்ல. சரிபண்ணிக்கலாம். வீட்டுல வேற என்ன இருக்கு?"

"அம்மாவோட பியானோ."

"அதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

அன்று மாலையே நான் எழுதிவிட்டேன். பத்து வருடத்துக்கு முன் வீட்டைவிட்டுப் போன அப்பா. ஒழுகும் கூரை. வரையக் காகிதம் வாங்க வழியில்லாமல், மளிகைக் கடைப் பைகளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் நாரைகளை வரைந்த ஒரு சிறுமி. சரியாக இருநூற்று நாற்பத்தொன்பது சொற்கள். எழுதி முடித்துப் படித்தபோது எனக்கே அழுகை வந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அந்த அழுகை எனக்குப் பிடித்திருந்தது.

அக்கா படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. இது யாரு வீடு?" என்று கேட்டாள்.

அம்மா பாதியிலேயே எழுந்துவிட்டாள். "மளிகைப் பையிலயா வரைஞ்சா? உங்கப்பா அச்சகத்துலேருந்து கொண்டாந்து குவிச்ச காகிதத்துல காலை நீட்டிப் படுக்க இடமில்லடி எனக்கு!"

ஆனால் விண்ணப்பம் முதல் சுற்றில் தேறிவிட்டது. எலியுடுடையதும் தேறியது, துணியில் கதை தைக்கிற, லாவோஸிலிருந்து வந்த ஹ்மாங் இனத்துப் பாகூவினுடையதும் தேறியது. அடுத்தது வீட்டுப் பார்வை. அறக்கட்டளையின் ஆள் நேரில் வந்து கலைஞரையும் அவர் சூழலையும் பார்த்துப்போவார். ஜூலை கடைசி வெள்ளிக்கிழமை எங்கள் முறை.

டாலிவர் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார். ஒரு கையில் படுக்கை விரிப்பு, மறு கையில் மஞ்சள் பிளாஸ்டிக் வாளி. வாளியின் கம்பிக் கைப்பிடி எப்போதோ போய், அதற்குப் பதிலாகத் தோட்டக் குழாயின் பச்சைத் துண்டு ஒன்று கட்டியிருந்தது. விரிப்பைப் பியானோமேல் போர்த்தினார். வாளியைக் கூடத்தின் நடுவில் வைத்து, மேலே பார்த்து, ஓட்டை இருந்திருந்தால் எங்கே இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, ஒரு சாண் தள்ளி வைத்தார். மில்வாக்கியில் மழை பெய்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது.

பிறகு அப்பாவைப் பார்த்தார். "சார், நீங்க கீழ அடித்தளத்துக்குப் போயிடுங்க."

"நான் ஏன் போகணும்? இது என் வீடு."

"நீங்க பத்து வருஷத்துக்கு முன்னாலயே போயிட்டீங்க சார். ரெண்டாம் பக்கத்துல இருக்கு."

அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "வெள்ளிக்கிழமை மீன் வறுக்கிற அன்னைக்கா போனேன்? அவ்வளவு முட்டாளா நான்?" என்று முனகிக்கொண்டே படியிறங்கினார்.

வந்தவர் திருமதி ஹால்வர்சன். ஏழு நாட்டு மணிமாலைகளைக் கழுத்தில் போட்டிருந்தார். நோயாளி படுத்திருக்கும் அறைக்குள் பேசுவதுபோல மெல்லப் பேசினார். அக்கா கையில் பற்றவைக்கும்போது விழுந்த தழும்புகளைப் பார்த்ததும் "ஐயோ" என்றார். அக்கா அவற்றைப் பெருமையாகத்தான் நீட்டியிருந்தாள். கூடத்துக்கு வந்தார். வாளியைப் பார்த்தார். முகம் கனிந்தது. "நான் இதை ஒரு படம் எடுத்துக்கலாமா?"

"எடுங்க மேடம். அதுதானே நிஜம்," என்றார் டாலிவர், கண்ணாடியைத் துடைத்தபடி.

எடுத்தார். எடுத்த படத்தைப் பார்த்தார். பிறகு விரலால் தள்ளி முந்திய படத்தைப் பார்த்தார். அதற்கும் முந்தியதைப் பார்த்தார்.

"இந்த வாளி காலையில எலியுட் வீட்டுல இருந்துச்சே. நேத்து பாகூ வீட்டுலயும்."

நம் தையல்காரர் அசருவாரா? "இந்தப் பக்கம் எல்லார் வீட்டுலயும் இந்த வாளிதான் மேடம். ஒரே கடை."

"கைப்பிடியில பச்சைக் குழாயோடயா?"

"அதே கடை."

அந்த நேரம் பார்த்துத்தான் தரைக்குக் கீழேயிருந்து அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அப்பாவின் குரல் கிளம்ப வேண்டுமா? "க்ளாடீன்! மீன் ஆறிடும்! நான் திரும்பி வந்துட்டேன்னு அந்தம்மாகிட்ட சொல்லிடு!"

அம்மா நிதானமாகப் போய்ப் பியானோவின் விரிப்பை இழுத்து எடுத்து, மடித்து, டாலிவர் கையில் கொடுத்தாள். எனக்கு எங்காவது ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. வாளி டாலிவருடையது, அந்த அப்பாவை எழுதியது நான்.

அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள். "மேடம், பின்கட்டுல நாரையோட தலையும் கழுத்தும் தயாரா இருக்கு. பத்தடி நடந்தா போதும். வந்து பாருங்க."

திருமதி ஹால்வர்சன் கடிகாரத்தைப் பார்த்தார். "பாக்க ஆசைதான். அடுத்த வீட்டுக்கு நேரமாச்சே." குறிப்பேட்டை மூடிக்கொண்டு போய்விட்டார். டாலிவர் அவர் பின்னாலேயே ஓடினார். அவசரத்தில் வாளியை விட்டுவிட்டார்.

ஆகஸ்ட் எட்டாம் தேதி கடிதம் வந்தது. எங்களுக்கு இல்லை. எலியுடுக்கும் பாகூவுக்கும் இல்லை. ஆனால் எங்கள் பகுதியை அவர்கள் கைவிட்டுவிடவில்லை. வீட்டுப் பார்வையில் தெரிந்தவற்றை வைத்து, இப்பகுதிக் கலைஞர்களுக்குத் தங்கள் வாழ்க்கையை நம்பும்படிச் சொல்லும் பயிற்சி அவசரமாகத் தேவை என்று கண்டுபிடித்திருந்தார்கள். அந்தப் பயிற்சிக்கான நிதி, இத்துறையில் நீண்ட அனுபவமுள்ள ஒருவருக்கு வழங்கப்பட்டிருந்தது.

பெயரைச் சொல்ல வேண்டுமா என்ன?

நான் இரண்டு நாள் அறையைவிட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் அக்கா கதவை உதைத்தாள். "ஏய், எழுந்து வா. இன்னும் இருபது நாள் இருக்கு. உன் இருநூத்தம்பது சொல்லைத் தூக்கிப்போட்டுட்டு மண்வெட்டியைத் தூக்கு."

முழு நாரைக்கு வழியில்லை. ஆனால் நகராட்சித் தாளை நான் நாலு முறை படித்தேன். "சிற்பம் தரையில் ஊன்றி நிற்க வேண்டும்" என்றுதான் இருந்தது. எவ்வளவு சிற்பம் என்று இல்லை. பணிமனை நண்பர்கள் கழித்துப்போட்ட குழாய்கள் கொண்டுவந்தார்கள். அப்பா சிமெண்டு வாங்கினார். எலியுட் குழி தோண்டினார். சிமெண்டு குழைக்க மஞ்சள் வாளி இருந்தது. அந்த வாளிக்குள் ஈரம் பட்டது அன்றுதான் முதல் தடவையாக இருக்கும்.

முப்பத்தொன்றாம் தேதி காலை நகராட்சி மேற்பார்வையாளர் வந்தார். மனையின் நடுவில் ஒன்பதடி உயரத்துக்கு இரண்டு கால்கள். முட்டி இருந்தது, விரல்கள் இருந்தன. மேலே வானம்.

"நாரை எங்கம்மா?"

"வந்துக்கிட்டிருக்கு சார். கால் முன்னாடியே வந்துருச்சு," என்றாள் அக்கா.

அவர் ஒரு காலைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. மற்றதை உதைத்துப் பார்த்து, தன் காலைத் தடவிக்கொண்டார். தாளில் ஒரே ஒரு சொல் எழுதிக் கையெழுத்துப் போட்டார்: நிற்கிறது.

இப்போது சனிக்கிழமைதோறும் டாலிவர் தன் மாணவர்களை அங்கே அழைத்துவருகிறார். கால்களுக்குக் கீழே நின்று கண்ணை மூடிக்கொள்கிறார். "பாருங்க. உடல் பறிபோன கால்கள். ஒரு சமூகத்தோட இழப்பு."

போன வாரம் ஏணியிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "இழப்பெல்லாம் இல்ல சார். அடுத்த மாசம் வயிறு வருது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பொறி விழும்."

நான்காவது கேள்விக்கு இன்று என்னிடம் பதில் இருக்கிறது. எங்கள் வீட்டு வாளியைப் பார்க்க ஆள் வந்தார்கள். பத்தடி தள்ளி நின்ற நாரையைப் பார்க்க வரவில்லை. அவ்வளவுதான். மீதிச் சொற்களை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

டாலிவரைப் பார்த்துச் சிரித்துவிட்டீர்கள் அல்லவா? நானும் சிரித்தேன், என் தாளில் இருந்த அந்த மளிகைப் பை நினைவுக்கு வரும்வரை. இப்போது உங்களை ஒன்று கேட்கிறேன். உங்கள் வாசலில் ஒருவர் தான் செய்த பொருளோடு வந்து நின்றபோது, முதலில் பொருளைப் பார்த்தீர்களா, அல்லது அவர் செருப்பைப் பார்த்தீர்களா? செருப்பு புதிதாக இருந்தது கண்டு மனசுக்குள் கொஞ்சம் ஏமாந்தீர்களா? இந்தக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். தொடங்கும்போது எங்கள் கூரை ஒழுகும் என்று எதிர்பார்க்கவில்லை என்று சத்தியம் செய்வீர்களா? முடியாதென்றால் உங்கள் வீட்டுப் பரணில் ஒரு முறை தேடிப் பாருங்கள். பச்சைக் கைப்பிடி போட்ட ஒன்று அங்கேயும் இருக்கலாம்.

இதைப் படித்ததோடு விட்டுவிடாதீர்கள். யாராவது அப்படியொரு விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தால் அவர்களிடம் சொல்லுங்கள்; அதை வாசித்துத் தீர்ப்பு எழுதுகிற இடத்தில் உங்களுக்கு ஆள் தெரிந்தால் அவரிடமும் சொல்லுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். சொல்லும்போது எங்கள் கூரையில் ஓட்டை போடாதீர்கள். அப்பாவைக் கீழே அனுப்பாதீர்கள். அவர் மீன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.