கனமான பெட்டி வேண்டாம் என்று தம்பிக்கு எழுதியது

சித்தூர்,
சனிக்கிழமை மாலை

கிறிஸ்துவுக்குள் அன்பான தம்பி ஸ்டீவனுக்கு, உன் அக்கா லோயிஸ் எழுதுவது. உன்னையும் லீனாவையும் பிள்ளைகளையும் கர்த்தர் தமது செட்டைகளின் கீழே வைத்துக் காப்பாராக. இங்கே ஆம்ப்ளிஃபையரைத் தவிர மற்ற எல்லாரும் சுகம். போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம், போனில் நீ என்னை ஒரு வாக்கியம் முடிக்க விடுவதில்லை.

வரதய்யபாளையத்தில் உன் வீட்டுப் பரணில் கிடக்கிற, வால்வு போட்ட அந்தப் பழைய பேஸ் ஆம்ப்பை உன் மாமாவுக்குத் தருகிறேன் என்றாயே, அது வேண்டாம். உன் அன்புக்கு ஸ்தோத்திரம். ஏன் வேண்டாம் என்று முழுவதும் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

போன மாதம் திருப்பதியில் ஒரு ரிசப்ஷன். உன் மாமா, யோகேஷ் நடத்துகிற ஆர்கெஸ்ட்ராவில் பேஸ் கிடார் வாசிக்க, நான் எப்போதும்போல் ஒயர் சுருட்டி எண்ணி வைக்கக் கூடப் போயிருந்தேன். பந்தியில் உட்கார்ந்து பாயசத்தில் கை வைக்கும்போது, அதுவரை இலைக்குப் பக்கத்தில் அதிர்ந்துகொண்டிருந்த தம்ளர் தண்ணீர் சட்டென்று அசையாமல் நின்றுவிட்டது, பேஸ் நின்றுவிட்டது என்று எச்சில் கையோடு ஓடிப்போய்ப் பார்த்தால் ஸ்பீக்கர் பெட்டிக்கு மேலே இருந்த ஆம்ப்ளிஃபையர் ஹெட்டிலிருந்து புகை வருகிறது, உன் மாமா சத்தமே வராத கம்பியைத் தடவிக்கொண்டு மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறார், மாப்பிள்ளையின் சித்தப்பா அதை மேடைக்கு விடுகிற புகை என்று நினைத்துக் கை தட்டுகிறார். அப்போது யோகேஷ் சொன்னான், "அண்ணா, நீ ஒண்ணும் கவலப்படாத. கீபோர்டுக்காரன் லெஃப்ட் ஹாண்ட்லயே பேஸ் போட்டுக்குவான். நீ போய்க் குந்திக்கினு துன்னு." நல்ல மனதோடுதான் சொன்னான். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு வாரம் இவர் கிடாரை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. ஆபீசில் இவர் பேர் பலருக்குத் தெரியாது, ஸ்டீவன். அந்த மேடையில்தான் இவர் முதுகை நிமிர்த்தி நிற்கிறார். திரும்ப வாசிக்க வரலாமா என்று இந்த வாரம் கேட்டதற்கு யோகேஷ், "அடுத்த சனிக்கிழம ரிசப்ஷனுக்கு நல்ல ஆம்ப்போட வா, இல்லன்னா லெஃப்ட் ஹாண்டே போதும்" என்றுவிட்டான்.

நடுவில் ஒரு பிறந்தநாள் விழாவுக்கு ஹெட்டே இல்லாமல் கிடாரை நேராக மைக்செட் மிக்சரில் சொருகிப் பார்த்தோம், மைக்செட்காரர் சத்தத்தை ஜனங்கள் பக்கம் மட்டும் விட்டார், தான் வாசிப்பது தனக்கே கேட்காமல் இவர் மற்றவர்கள் முடிப்பதற்கு முன்பே பாட்டை முடித்துவிட்டு நின்றார். அடுத்து ஒரு நண்பரின் சாதாரண கிடார் ஆம்ப்பை இரவல் வாங்கினோம், முதல் சுரத்திலேயே அதன் ஸ்பீக்கர் அப்பளம் நொறுங்குவதுபோல் கிழிந்தது, அந்த நண்பர் இப்போது எங்களோடு பேசுவதில்லை. இதற்கு மேல் யாரையும் நம்பக் கூடாது என்று உபவாசம் இருந்து ஜெபித்துவிட்டு, துணி மடிக்கிற நேரத்தில் யூடியூப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன்.

சுருக்கமாகச் சொல்கிறேன். நம்மிடம் இருக்கிற ஸ்பீக்கர் பெட்டி நன்றாக இருக்கிறது, அதற்குச் சக்தி கொடுக்கிற ஹெட்தான் போய்விட்டது. புது ஹெட்டின் மேல் எழுதியிருக்கிற வாட்ஸ் எல்லாம் நாலு ஓம்ஸ் மின்தடை உள்ள பெட்டிக்குச் சொல்வது, கல்யாணப் பத்திரிகையில் பேருக்குப் பின்னால் போடுகிற பட்டம் மாதிரி. நம் பெட்டி எட்டு ஓம்ஸ். அதில் பாதியோ, கொஞ்சம் கூடவோதான் வரும். இதைத் தெரிந்து வாங்க வேண்டும். மிக்சருக்குத் தனியாக ஒயர் போகிற துளையும் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, இவர் இடுப்பைப் பார்த்த டாக்டர் கனம் தூக்காதே என்று எழுதியே கொடுத்திருக்கிறார். உன் வால்வு ஆம்ப்பை ஒருவர் தூக்க முடியாது. "கனமா இருந்தாத்தான் அக்கா சவுண்டும் கனமா இருக்கும்" என்று நீ சொல்வாய், உன் மாமாவும் அதையேதான் சொல்வார். வீட்டில் கல் கிரைண்டர் போய் மேஜை கிரைண்டர் வந்த பிறகும் இரண்டு பேரும் தோசையை எண்ணாமல்தானே தின்கிறீர்கள்?

ஆகவே நேற்று உன் மாமாவையும் கூட்டிக்கொண்டு, நம் பெட்டியையே பஸ்ஸில் ஏற்றித் திருப்பதிக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் என்னைப் பார்த்து, "மீரு வாயிஸ்தாரா அம்மா?" என்று தெலுங்கில் கேட்டார். நான் வாசிப்பதில்லை, கேட்கிறவள் என்றேன். ஐந்நூறு வாட்ஸ் என்று ஒன்றைக் காட்டினார். எட்டு ஓம்ஸில் எவ்வளவு என்று கேட்டேன். மனுஷன் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு அந்த ஹெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு எனக்கு நாற்காலி வந்தது.

நான் தேர்ந்தெடுத்த ஹெட்டைக் கண்டதும் உன் மாமா, "இன்னா லோயிஸ், டிபன் பாக்ஸாட்டம் கீது. இத்த எடுத்துக்கினு மேடை ஏறுனா யோகேஷ் சோறு எங்கன்னு கேப்பான்" என்றார். கிடாரைக் கொடுத்து சுவரைப் பார்த்து நிற்க வைத்தேன். கடைக்காரரிடம் முதலில் சின்னதை நம் பெட்டியில் மாட்டச் சொன்னேன், பிறகு அங்கே இருந்த பெரிய இரும்புப் பெட்டி ஆம்ப்பை. இரண்டிலும் வாசித்துவிட்டு, "மொதல்ல வந்துதே, அதான் கனமான பெட்டி. அடிவயித்துல இறங்குது பாரு. இன்னொண்ணு சொத்தை" என்றார். திரும்பிப் பார்த்தவர், பஸ்ஸில் வீடு வரும் வரைக்கும் அந்தச் சின்ன ஹெட்டை மடியிலேயே வைத்திருந்தார்.

ஆகவே தம்பி, பிரச்சினை தீர்ந்தது. யோசித்து, ஜெபித்து, சோதித்து வாங்கிய பொருள். நாளைக்குக் கோயிலில் போதகர் ஐயா கையால் ஒரு ஜெபம், அடுத்த சனிக்கிழமை மேடை. உன் ஆம்ப் பரணிலேயே இருக்கட்டும், லீனா மேலே பாத்திரம் அடுக்கிக்கொள்ளட்டும். உங்கள் போக்கும் வரத்தும் காக்கப்படுவதாக. லீனாவின் பெற்றோருக்கு எங்கள் தோத்திரத்தைச் சொல்லு.

இப்படிக்கு,
உன் நலனுக்காக ஜெபிக்கும் அக்கா,
லோயிஸ்

பி.கு.: ஞாயிறு மதியம். தபாலில் போட நேரமில்லை, இதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். போனில் சொல்ல வெட்கம். இன்றைக்கு நம் சபையில் அறுப்பின் பண்டிகை. காலை முதல் மணி அடிக்கும்போதே போய் ஹெட்டைப் பீடத்தடியில் ஜெபத்துக்கு வைத்தேன். பிறகு வந்தவர்கள் அதைச் சுற்றிப் பூசணிக்காயும் கரும்பும் வாழைத்தாரும் வைத்துவிட்டார்கள். ஆராதனை முடிந்து வழக்கம்போல் காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டபோது, ஏலம் கூறியவர் பூசணிக்குப் பிறகு நம் ஹெட்டைத் தூக்கி, "சகோதரி லோயிஸ் குடும்பத்தார் படைத்தது" என்றார். சபை முழுவதும் கை தட்டிவிட்டது. கை தட்டின பிறகு இல்லை என்று எப்படிச் சொல்வது? ஏலத்திலேயே எடுத்துவிடலாம் என்று பெண்கள் பக்கம் தூணுக்குப் பின்னாலிருந்து நான் கேட்டேன். ஆண்கள் பக்கத்திலிருந்து யாரோ விடாமல் ஏற்றிக்கொண்டே போனார்கள், நானும் விடவில்லை. கோழிப்பண்ணை தனராஜ் அண்ணன் எங்களுக்கும் மேலே ஒரு தொகை சொன்னபோதுதான் எட்டிப் பார்த்தேன், அந்த யாரோ உன் மாமா. அவரும் என்னைப் பார்த்தார். நான் கேட்பேன் என்று அவரும், அவர் கேட்பார் என்று நானும் கையை இறக்கினோம். தனராஜ் அண்ணனுக்கே மூன்று தரம் ஆகிவிட்டது.

தனராஜ் அண்ணனிடம் போய் அதை விலைக்குத் திருப்பிக் கேட்டேன். "அது இன்னா சாமான்னே எனக்குத் தெர்லமா. நீங்க ரெண்டு பேரும் அப்பிடிப் போட்டி போட்டீங்களே, நல்ல சாமான்தான்னு எடுத்தேன். பலிபீடத்து ஆசீர்வாதம், இத்தப் போய் விக்கறதா?" என்றார். போன வருஷம் பெண்கள் ஐக்கியத்தில் இதே நியாயத்தைப் பேசியவள் நான்தான்.

உன் வால்வு ஆம்ப்பை வியாழனுக்குள் பஸ்ஸில் ஏற்றிவிடு. வால்வில் ஒரு விசேஷம், பின்னால் இருக்கிற சுவிட்சை எட்டு ஓம்ஸுக்குத் திருப்பினால் முழு சக்தியும் கிடைக்கும், மேலே எழுதும்போது இது விட்டுப்போயிற்று. இரண்டு பக்கமும் கைப்பிடி இருக்கிறதல்லவா? சனிக்கிழமை மேடைப் படியில் ஒன்றை உன் மாமா பிடிப்பார், மற்றதை நான். தைலம் வாங்கிவிட்டேன், இரண்டு பாட்டில்.