சிட்டம்மாளுக்கு ஒரு முனை

அரசு ஆணைகள் எல்லாம் மக்களின் நன்மைக்காகவே பிறப்பிக்கப்படுகின்றன. உத்திரமேரூரில் இதை அறியாதவர் யாரும் இல்லை. ஆகவே, பெருநகர் சாலையோரத்துக் கடைகளை எல்லாம் மாதக் கடைசிக்குள் அகற்ற வேண்டும் என்று ஆணை வந்தபோது, அதில் தங்களுக்கு என்ன நன்மை இருக்கிறது என்று கடைக்காரர்கள் மிகுந்த ஆவலோடு தேடினார்கள்.

நன்மை கடைசி வரியில் இருந்தது. ‘தொழில்முனைவோர் நீங்கலாக.’

அதாவது, தொழில்முனைவோராக இருப்பவரின் கடையை யாரும் தொடக் கூடாது. மற்றவர்கள் கடை போய்விடும். இதில் குழப்பம் எதுவும் இல்லை. தொழில்முனைவோர் என்றால் யார் என்பது மட்டும்தான் யாருக்கும் தெரியவில்லை.

முன்னெல்லாம் இப்படிப்பட்ட சங்கடம் வந்ததில்லை. ஆணையில் மேலே தமிழ் இருக்கும், கீழே ஆங்கிலம் இருக்கும். தமிழ் புரியாவிட்டால் கீழே பார்த்துக்கொள்வது அலுவலக வழக்கம். நான் சொல்வது எண்பதுகளின் தொடக்கம். அந்த ஆண்டுதான், அலுவலகங்களில் தமிழ் தழைக்க வேண்டும் என்று கீழே இருந்ததை எடுத்துவிட்டார்கள். தமிழ் தழைத்தது. அர்த்தம் போய்விட்டது.

ஆணையை நிறைவேற்ற வேண்டியவர் சாலையோர வணிக நெறிப்படுத்தல் கிளை அலுவலகத்தின் தலைமை எழுத்தர் கஸ்தூரிரங்கன். தலைமுறை தலைமுறையாகக் கோயிலில் பிரபந்தம் சேவித்த குடும்பம் அவருடையது. ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியவில்லை என்று அந்த வம்சத்தில் யாரும் சொன்னதில்லை. போதாக்குறைக்கு, தமிழில் கோப்பு எழுதியதற்காக அவர் கேடயம் வேறு வாங்கியிருந்தார். கேடயம் வாங்கியவர் காஞ்சிபுரத்துக்கு ஆள் அனுப்பி, “இந்தத் தமிழ்ச் சொல்லுக்கு என்ன பொருள்?” என்று கேட்க முடியுமா? அவர் கேட்கவில்லை. சொல்லைப் பிரித்தார்.

முனை என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். பென்சிலுக்கு முனை உண்டு. ஊசிக்கு முனை உண்டு. தெருவுக்கும் முனை உண்டு. ஆகவே, தெரு முனையில் தொழில் செய்வோர் தொழில்முனைவோர். இலக்கணப்படி ‘முனையோர்’ என்றல்லவா வர வேண்டும் என்ற ஐயமும் அவருக்கு எழுந்தது. அச்சுப்பிழை என்று சிவப்பு மையால் திருத்தினார்.

பேருந்து நிலையத்துக்குத் திரும்பும் முனையில் ஒரு வெற்றிலைபாக்குக் கடை இருந்தது. அதன் சொந்தக்காரர் கடையைப் பூட்டிக்கொண்டு வாலாஜாபாத்தில் மகள் வீட்டோடு போய்த் தங்கி நெடுநாளாகிவிட்டது. முதல் சான்றிதழ் அந்தக் கடைக்கு வழங்கப்பட்டது. வாங்க ஆள் இல்லாததால் அதைப் பூட்டில் கட்டிவிட்டு வந்தார்கள்.

சிட்டம்மாளின் இட்லிக் கடை தெருவின் நடுவில் இருந்தது. புருஷன் போன பிறகு அவளையும் அவள் இரண்டு பெண்களையும் தாங்கி நிறுத்தியது அந்த இட்லிப் பானைதான். கடை போனால் வேறு பிழைப்பு இல்லை. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள்.

“வணக்கம் சார். என் கடை இன்னாவுது சார்?”

“ஐயா என்று சொல்லுங்கள். ‘சார்’ ஆங்கிலம்.”

“சரி சார்.”

கஸ்தூரிரங்கன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “உங்கள் கடை எங்கே அமைந்துள்ளது?”

“இன்னா சார் இது! நேத்துகூட பியூனை வுட்டு எங்கிட்ட பொட்டலம் வாங்கியாரச் சொன்னீங்களே?”

“அது நாஷ்டா. இது விசாரணை. கடை தெருவின் எந்தப் பகுதியில் உள்ளது?”

“நடுவுல.”

“முனையில் இல்லை?”

“நடுவுல கீறது எப்பிடி சார் மொனையில கீறும்?”

“அப்படியானால் நீங்கள் தொழில்முனைவோர் அல்லர். தொழில்நடுவோர்.”

“நான் நடவுக்குப் போயி ரொம்ப நாளாவுது சார்” என்றாள் சிட்டம்மாள்.

அவள் கடைக்குத் திரும்பி வந்து, பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த எல்லப்பனிடம் சொன்னாள். எல்லப்பன் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு நல்ல யோசனைகள் எல்லாம் அப்போதுதான் வரும்.

“யக்கா, நம்ம கடைய மொனைக்குத் தூக்கினு போவ முடியாது. ஆனா மொனையை நம்மாண்ட இட்டாரலாமில்ல?”

“மொனை இன்னா ஆட்டுக்குட்டியா, இட்டார்றதுக்கு?”

“ரெண்டு வழி சேர்ற எடம்தானக்கா மொனை? என் கொட்டாயை இப்பிடித் தள்ளிப் போட்டுட்டா நடுவுல ஒரு சந்து வுழும். சந்துக்கு இந்தாண்ட மொனை உன்னிது. அந்தாண்ட மொனை என்னிது.”

அன்று சாயங்காலமே சந்து விழுந்தது. ‘சிட்டம்மாள் சந்து’ என்று ஒரு பலகையும் மாட்டினார்கள். மறுநாள் கஸ்தூரிரங்கன் பார்வையிட வந்தார். சந்தின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடியைப் பார்த்தார்.

“வழி என்றால் எங்காவது போக வேண்டும். இது எங்கே போகிறது?”

“பின்னால செங்கேணி வூட்டு மாட்டுக் கொட்டாய்க்கு” என்றான் எல்லப்பன்.

“அந்த மாடு இந்த வழியாகத்தான் வருகிறதா?”

“இனிமே வரும் சார்.”

“வருகிறதா என்று கேட்டேன். எதிர்காலத்துக்குச் சான்றிதழ் கிடையாது.”

எல்லப்பன் ஓடிப்போய் மாட்டை அவிழ்த்துவிட்டான். மாடு சந்தைப் பார்த்தது. கஸ்தூரிரங்கனைப் பார்த்தது. பிறகு படுத்துக்கொண்டது. ஆளாளுக்கு அதனிடம் கெஞ்சிப் பார்த்தார்கள். சிட்டம்மாள் மட்டும் அதோடு பேசவில்லை. அரிசி களைந்த கழுநீரை ஒரு தவலையில் கொண்டுவந்து சாலைப் பக்கம் வைத்தாள். மாடு எழுந்து, சந்து முழுவதையும் முறையாகக் கடந்து, தலைமை எழுத்தரின் செருப்பை மிதித்துக்கொண்டு போய்க் கழுநீர் குடித்தது.

‘போக்குவரத்து உண்டு’ என்று குறிப்பெழுதினார் கஸ்தூரிரங்கன், ஒற்றைக் காலில் நின்றபடி.

அந்த வாரம் முழுவதும் பெருநகர் சாலையில் கடப்பாரைச் சத்தம்தான். தையல் கடைக்கும் உரக் கடைக்கும் நடுவே சந்து. உரக் கடைக்கும் முடிவெட்டும் கடைக்கும் நடுவே சந்து. ஒரே கடையாக இருந்தவர்கள் அதைப் பிளந்து நடுவில் சந்து விட்டார்கள். சந்துகளுக்கு மாடு போதவில்லை. செங்கேணி தன் மாட்டைச் சந்து சந்தாக வாடகைக்கு விட்டாள். கடைசியில் தெருவில் நடு என்று ஓர் இடமே இல்லாமல் போயிற்று. முனைதோறும் பேருந்துகள் ஒலி எழுப்ப வேண்டும் என்பது சாலை விதி அல்லவா? பெருநகர் பேருந்தின் ஓட்டுநர் தெருவுக்குள் நுழையும்போது ஹாரனில் வைத்த கையைத் தெருவை விட்டு வெளியே போன பிறகுதான் எடுத்தார்.

‘அனைவரும் தொழில்முனைவோராயினர்’ என்று கஸ்தூரிரங்கன் காஞ்சிபுரத்துக்கு அறிக்கை அனுப்பினார். இப்படி ஓர் அறிக்கை எந்த ஊரிலிருந்தும் வந்ததில்லை. ஆகவே மாவட்ட அதிகாரி வேதாசலம் ஜீப்பில் வந்து இறங்கினார்.

வேதாசலம் இளைஞர். சுயதொழில் பற்றிச் சென்னையில் பயிற்சி பெற்றவர். அந்தக் காலத்தில் சுயதொழில் என்பது பெல்பாட்டம் கால்சட்டையைப் போல எல்லாரிடமும் பரவியிருந்தது. வேலை கிடைத்தவர்கள் அதைப் பற்றிப் பேசுவார்கள். வேலை கிடைக்காதவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

“இது என்ன, தெருவா சீப்பா?” என்றார் வேதாசலம்.

கஸ்தூரிரங்கன் விளக்கினார். முனையைச் சொன்னார், சந்தைச் சொன்னார், மாட்டையும் சொன்னார். வேதாசலம் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

“ஐயோ, தொழில்முனைவோர் என்றால் ஆன்ட்ரப்ரனர் ஐயா! முனைதல் என்றால் முயலுதல். தொழில் தொடங்க முயல்கிறவர்!”

“அதைக் கீழே போட்டிருந்தால் தெரிந்திருக்கும்” என்றார் கஸ்தூரிரங்கன் தாழ்ந்த குரலில்.

சிட்டம்மாளுக்கு உயிர் வந்தது. “அப்பிடின்னா நான்தான் சார் அது! எம்மா நாளா முயற்சி பண்ணி இந்தக் கடைய வச்சிக்கினு கீறேன்!”

வேதாசலம் அவளைக் கனிவோடு பார்த்தார். பயிற்சியில் கனிவும் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

“கடையைத் தொடங்கிவிட்டீர்களா?”

“தொடங்கி, நடந்துகினு கீது சார்.”

“அங்கேதான் சிக்கல். முனைவோர் என்றால் இனிமேல் தொடங்க முயல்கிறவர். நீங்கள் ஏற்கெனவே தொடங்கிவிட்டவர். முனைந்தவர். ஆணையில் முனைந்தவருக்கு இடம் இல்லையே!”

“இலக்கணப்படி சரி” என்றார் கஸ்தூரிரங்கன். அவருக்கு அப்போதுதான் தெம்பு வந்தது. “உங்கள் வினை முற்றிவிட்டது அம்மா.”

“அது எனக்கும் தெரியிது சார்” என்றாள் சிட்டம்மாள். “அப்ப இன்னாதான் பண்றது? கடை தொறந்தா எடுத்துருவீங்க. தொறக்கலன்னா?”

“தொடமாட்டோம். முயன்றுகொண்டே இருங்கள். அரசு உங்கள் பின்னால் நிற்கும்.”

“தொறந்துட்டா?”

“அரசு முன்னால் வரும்.”

ஜீப் போய்விட்டது. மாதக் கடைசிக்கு அதிக நாள் இல்லை. சிட்டம்மாள் அன்று இரண்டு பலகைகளையும் கழற்றினாள். சந்தின் பலகை அடுப்புக்குப் போயிற்று, கடையின் பலகை இட்லித் தட்டுக்கு மூடியாயிற்று.

மறுநாள் காலை கஸ்தூரிரங்கன் அலுவலகம் போகிற வழியில் நின்றார். பானையில் ஆவி பறந்துகொண்டிருந்தது. பெஞ்சில் சாலவாக்கத்துக்காரர்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“கடை நடத்துகிறீர்களா?” என்றார் கடுமையாக.

“கடையா? எங்க சார் கடை? பலகைகூட இல்லியே. இட்லி வருதான்னு முயற்சி பண்ணிக்கினு கீறேன்.”

“இவர்கள் சாப்பிடுகிறார்களே?”

“வந்துச்சா வரலியான்னு யாராவுது துன்னு பாத்துதான சார் சொல்லணும்?”

“காசு கொடுக்கிறார்களே?”

“அவுங்களும் கொடுக்க முயற்சி பண்றாங்க. நான் வாங்க முயற்சி பண்றேன்.”

கஸ்தூரிரங்கன் அந்த வாக்கியத்தைப் பிரித்துப் பார்த்தார். அதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ‘முயற்சி நிலையில் உள்ளது’ என்று எழுதிக்கொண்டு, பியூனிடம் தமக்கும் இரண்டு முயற்சி கட்டி வாங்கி வரச் சொன்னார்.

இந்தச் செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? மதியத்துக்குள் தெருவில் ஒரு பலகை இல்லை. எல்லப்பன் பஞ்சர் ஒட்ட முயன்றான். தையல்காரர் சட்டை தைக்க முயன்றார். முடிவெட்டுகிறவர் கத்தியைக் கையில் எடுத்து, “முயற்சிதான் நைனா, ஆடாத ஒக்காரு” என்றபோது, சில பேர் துண்டை உதறிவிட்டு எழுந்துபோனார்கள்.

இதில் ஓர் அபாயம் இருப்பதை முதலில் கண்டுபிடித்தவள் சிட்டம்மாள்தான். ஒரு நாள் கஸ்தூரிரங்கனே நேரில் வந்து நின்றார்.

“என்ன அம்மா இது, இட்லி கல்லாக இருக்கிறது? முன்பெல்லாம் பஞ்சாக இருக்குமே?”

“பஞ்சா வந்துட்டா முயற்சி முடிஞ்சிபோச்சின்னு எழுதிருவீங்களே சார்! அப்பறம் கடை பூடுமே!”

நியாயம் அவள் பக்கம் இருந்தது. கல் அவர் வாயில் இருந்தது.

எல்லாரும் இதைப் புரிந்துகொண்டார்கள். வேலை நன்றாக அமைந்துவிட்டால் தொழில் போய்விடும். ஆகவே எல்லப்பன் ஒட்டிய பஞ்சர் ஏரிக்கரை வரைக்கும்தான் தாங்கியது. தையல்காரர் ஒரு கையைச் சற்று நீளமாக வைத்தார். புகார் சொன்னால், “முயற்சிதான சார்!” என்றார்கள். புகார் சொன்னவர் தன் கடைக்குப் போய் அதே பதிலை வேறொருவருக்குச் சொன்னார். ஊரே பேஜாராகிவிட்டது. ஆனால் ஒரு கடைகூட அகற்றப்படவில்லை.

மாதக் கடைசியும் வந்தது. வேதாசலம் இறுதிப் பார்வைக்கு வருகிறார் என்றார்கள். அன்று பார்த்து சிட்டம்மாள் தவறு செய்துவிட்டாள். வழக்கமாக மாவில் ஒரு கை உளுந்தைக் குறைப்பவள், முந்தின நாள் மூத்த பெண்ணைப் பெண் பார்த்துவிட்டுப் போன சந்தோஷத்தில் அளவு சரியாகப் போட்டுவிட்டாள். கையும் சும்மா இருக்கவில்லை. ஆட்டுக்கல்லில் பழைய பழக்கத்தில் ஆட்டிவிட்டது.

தட்டைத் திறந்தபோது இட்லி மல்லிகைப்பூவாக இருந்தது. சிட்டம்மாள் அவசரமாக மூடியை எடுத்தாள். மூடுவதற்குள் வேதாசலம் வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வேறு வழி இல்லாமல் வைத்தாள். அவர் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டார். இன்னும் வை என்று கை காட்டினார். மறுபடியும் கை காட்டினார். கடைசியில் இலையை வழித்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். தெருவே சுற்றி நின்றது.

“நீங்கள் சொல்லுங்கள்” என்றார் பெஞ்சில் இருந்த கடைக்காரர்களிடம். “இட்லி எப்படி?”

பெஞ்சில் இருந்தவர்கள் விரலைச் சூப்பிக்கொண்டிருந்தார்கள். சட்டென்று விரலை எடுத்தார்கள். நல்லா இருக்கிறது என்று ஒரு வாய் சொன்னால் போதும். இன்று அவள் கடை, நாளை அவரவர் கடை.

“சுமாராத்தான் கீது சார்” என்றான் எல்லப்பன், மூன்றாம் முறை சட்னி வாங்கிக்கொண்டே.

“இன்னும் வரல சார்” என்றார் தையல்காரர்.

“வருவதற்கான அறிகுறிகூடத் தென்படவில்லை” என்றார் கஸ்தூரிரங்கன். அவர் மீசையில் மிளகாய்ப்பொடி இருந்தது.

வேதாசலம் காலி இலையைப் பார்த்தார். இட்லி நன்றாக இருக்கிறது என்று எழுதினால் கடையை எடுக்க வேண்டும். கடையை எடுத்தால் அடுத்த முறை வரும்போது எங்கே சாப்பிடுவது? ‘முயற்சி தொடர்கிறது’ என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

கடை பிழைத்தது. எல்லாரும் கலைந்து போன பிறகு, சிட்டம்மாள் காலியான தட்டுகளை அடுக்கினாள். ஒரு துணுக்குகூட மிச்சமில்லை.

“இம்மாம் பேர் வழிச்சித் துன்னீங்களே” என்றாள் எல்லப்பனிடம். “ஒருத்தனாவுது காதோட காதா ஒரு வார்த்தை சொன்னானா பாரு.”

எல்லப்பன் சாலையின் இரு பக்கமும் பார்த்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் அடுத்த சந்திலிருந்து யாரோ வருகிற சத்தம் கேட்டது, செங்கேணியின் மாடுதான். இருந்தாலும் வாயை மூடிக்கொண்டான்.

அந்த ஆணை ரத்தாகி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. கடைகளில் பலகைகள் ஏறிவிட்டன. இட்லியும் பழையபடி பஞ்சாகிவிட்டது. ஆனால் எங்கள் பக்கத்து மனிதர் யாரையாவது விருந்துக்கு அழைத்து, சமைத்தவரை எதிரில் நிறுத்தி, “எப்படி இருக்கிறது?” என்று கேட்டுப் பாருங்கள். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டிருப்பார். ஏப்பமும் விட்டிருப்பார். பிறகு முகத்தை எழுத்தரைப் போல வைத்துக்கொண்டு, “பரவால்ல” என்பார்.