கை படாத வால்வ் கவர்

போன தீபாவளிக்கு முன்னாடி எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலைதான். என் பழைய காரோட வால்வ் கவரைக் கழட்டி, சுத்தம் பண்ணி, கிள்ளான்ல இருக்குற பவுடர் கோட்டிங் கடையில குடுக்கணும்.

தெரியாதவங்களுக்கு சொல்லிடறேன். போனெட்டைத் திறந்தா எஞ்சின் தலை மேல ஒரு அலுமினிய மூடி இருக்கும் பாருங்க, அதான் வால்வ் கவர். பவுடர் கோட்டிங்னா கலர் தூளை அது மேல அடிச்சு, பெரிய அவன்ல வச்சு கேக் சுடற மாதிரி சுடறது. தூள் உருகி பளபளன்னு ஒட்டிக்கும்.

இதுக்கு என்ன அவசரம்னு கேப்பீங்க. ஞாயித்துக்கிழமை ஷா ஆலம்ல எங்க பழைய கார் குரூப் கூடுது. எல்லாரும் போனெட்டைத் திறந்து வைப்பாங்க. எஞ்சினைப் பார்த்து மார்க் போட்டு, நல்லா இருக்குறதுக்கு ஒரு கோப்பை குடுப்பாங்க.

அந்த குரூப்ல நான் ஒருத்திதான் பொம்பளை. போன தடவை குரூப் தலைவர் தங்கா அண்ணன் என் எஞ்சினை எட்டிப் பார்த்துட்டு, "என்னாம்மா இது, ரோட்டி சானாய் கடை அடுப்பு மாதிரி இருக்கு?"ன்னாரு.

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

அதனால இந்த வாட்டி குரூப்ல ஒரு மெசேஜ் போட்டேன். "இந்தத் தடவை என் எஞ்சினைப் பாருங்க. எல்லாம் என் கையாலயே பண்ணப் போறேன்."

அனுப்பின பிறகுதான் யோசிச்சேன். யோசிச்சிட்டு அனுப்பற பழக்கம் எனக்கு கிடையாது.

கோட்டிங் கடை குணாவுக்கு போன் போட்டேன். குணா நல்ல பையன்தான், வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"அக்கா, என் கடைக்கு வந்த பொருள் கண்ணாடி மாதிரி திரும்பும். ஆனா மணல் அடிச்சு சுத்தம் பண்ற மெஷின் ரிப்பேர் லா. நீங்களே சுத்தம் பண்ணிக் கொண்டாங்க, நான் அடிச்சு சுட்டுத் தரேன். ஒண்ணே ஒண்ணு, எண்ணெய் படக்கூடாது. கை கூட படக்கூடாது. அலுமினியம் எண்ணெயைக் குடிச்சு வச்சுக்கும், அவன் சூட்டுல எல்லாத்தையும் கக்கிடும்."

"இதெல்லாம் நீ எனக்கு சொல்லணுமா தம்பி?"ன்னேன்.

சொல்லணும். எழுதி நெத்தியில ஒட்டியிருக்கணும்.

பிரிக்பீல்ட்ஸ்ல எங்க ஃப்ளாட் கார் பார்க்லயே கவரைக் கழட்ட ஆரம்பிச்சேன். பாதியில எங்க ஜாகா, அதான் காவல்காரர், வந்து நின்னாரு. தினமும் கேட்டைத் திறந்துவிட்டு எனக்கு வணக்கம் சொல்றவரு.

"நீங்க யாரு? இது மேல் வீட்டு அக்கா காராச்சே?"ன்னாரு.

"அந்த அக்காதான்ணே நானு!"

மூஞ்சி பூரா கிரீஸ். குரலை வச்சுதான் நம்பினாரு.

அடுத்து, பழைய பெயின்டை எடுக்கணும். பெயின்ட் ரிமூவர் வாங்கி, துணி ஊற வைக்கிற பிளாஸ்டிக் வாளியில ஊத்தி, கவரை உள்ள வச்சிட்டு சமைக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தா பெயின்ட் அப்படியே இருக்கு, வாளியோட அடியைக் காணோம்!

என் வீட்டுக்காரர் மோகன் பாத்ரூம் வாசல்ல நின்னு எட்டிப் பார்த்தாரு. "காருக்கு வேலை பாக்குறியா, வீட்டை இடிக்கிறியா?"

அப்புறம் இரும்பு டின் ஒண்ணு தேடி, திரும்ப ஊற வச்சு, பிரஷ் போட்டுத் தேய்ச்சு, தின்னர் போட்டுத் துடைச்சு, ஒரு வழியா பெயின்ட் வந்துச்சு. கவர் வெள்ளி மாதிரி ஆச்சு. என் நகம்தான் பழைய கவர் மாதிரி ஆச்சு.

கூடவே எஞ்சினுக்குக் காத்து போற அலுமினிய பைப்புக்கும் பாலிஷ் போட்டுடலாம்னு பால்கனியில உக்காந்தேன். சேண்ட் பேப்பரைத் தண்ணியில நனைச்சு நனைச்சு தேய்ச்சேன். அலுமினியத்தைத் தேய்ச்சா கறுப்புத் தண்ணி வரும். அது எங்க போகுதுன்னு நான் பாக்கல.

கீழ் வீட்டு ஆன்டி பார்த்தாங்க.

"மேல என்னாம்மா பண்றே? அங்கிளோட வெள்ளை வேட்டி மேல கறுப்பு மழை பெய்யுது!"

இறங்கிப் போய் மன்னிப்பு கேட்டேன். வேட்டியை நானே துவைச்சுத் தரேன்னு வாங்கிட்டு வந்தேன். அப்ப கை கழுவலைங்கிறது வேட்டியைக் கையில வாங்கின பிறகுதான் ஞாபகம் வந்துச்சு. அதுக்கப்புறம் அங்கிளுக்குப் புது வேட்டிதான்.

ஆனா சும்மா சொல்லக்கூடாது. பைப் முடிஞ்சப்போ அதுல என் மூஞ்சி தெரிஞ்சது. கழுவாத மூஞ்சிதான், இருந்தாலும் எனக்கு அவ்ளோ பெருமை!

கவரையும் கடைசியா ஒரு தடவை துடைச்சு, வெள்ளைத் துண்டு விரிச்சு வச்சேன். அன்னைக்கே வீட்டுல சட்டம் போட்டாச்சு. யாரும் தொடக்கூடாது. நானே கிளவுஸ் போட்டுதான் நகர்த்துவேன். மோகன் ஒரு தடவை விரலை நீட்டினாரு. நான் கத்தின கத்துல அவர் கையில இருந்த தே தாரேக் டீ சட்டையில கொட்டிடுச்சு.

அப்புறம்தான் ஆயுத பூசை வந்துச்சு.

எங்க வீட்டு ஆயுத பூசை உங்களுக்குத் தெரியாது. அரிசி குக்கர், மிக்சி, கம்ப்யூட்டர், அயர்ன் பாக்ஸ், மோகனோட டிரில், எதையும் விட மாட்டேன். எல்லாத்தையும் வரிசையா வச்சு விபூதி பூசி, சந்தனம் குங்குமம் வச்சேன். ஸ்பேனருக்கும் வச்சேன். கவரைக் கழட்டிப் போட்டதால நகர முடியாம நிக்கிற காருக்கும் இறங்கிப் போய் வச்சிட்டு வந்தேன்.

திரும்பி வந்து பார்த்தா, வால்வ் கவர் மட்டும் ஒரு ஓரத்துல மொட்டையா உக்காந்திருக்கு.

மனசு கேக்கல.

இவ்வளவு கஷ்டப்பட்டது இதுக்குத்தான். இதை மட்டும் விட்டா எப்படி? நல்ல விஷயம் நடக்கப் போகுது, ஒரு பொட்டு வைக்காம அனுப்பறதான்னு கிளவுஸைக் கழட்டினேன். கிளவுஸ் போட்டுக்கிட்டா விபூதி பூசுவாங்க?

தண்ணியில குழைச்சு மூணு விரலால ஒரு பட்டை போட்டேன். காய்ஞ்சா குங்குமம் உதிர்ந்துடுமேன்னு நடுவுல ஒரு சொட்டு நல்லெண்ணெய் தொட்டு, அது மேல பெருசா பொட்டு வச்சேன். கையெடுத்துக் கும்பிட்டேன்.

மோகன் பார்த்துட்டே இருந்தாரு. "என்னைத் தொட விடல. எண்ணெய் மட்டும் தொடலாமா?"

"சாமி விஷயத்துல குறுக்க பேசாதீங்க!"

மறுநாள் காலையில ஈரத் துணியால நல்லா துடைச்சேன். ஒரு தடம் இல்ல. வெள்ளைத் துண்டுல சுத்தி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு கிள்ளானுக்கு கோமுட்டர் ரயில் ஏறினேன். கூட்டம். ஒரு பொண்ணு சட்டுனு எழுந்து இடம் குடுத்துச்சு. பக்கத்துல இருந்த ஆன்டி குரலைத் தாழ்த்தி, "தூங்குதா? பொண்ணா, பையனா?"ன்னாங்க.

"நாலு சிலிண்டர், ஆன்டி"ன்னேன்.

கிள்ளான் வர்ற வரைக்கும் அவங்க என் பக்கமே திரும்பல.

கடையில குணா துண்டைப் பிரிச்சுப் பார்த்தான். "எண்ணெய் கிண்ணெய் இல்லையே அக்கா?"

"தம்பி, இதை ஆஸ்பத்திரி ஆபரேஷன் ரூம்ல வச்சாக்கூட யாரும் திட்ட மாட்டாங்க."

சனிக்கிழமை மத்தியானம் அவன்கிட்ட இருந்து போன். குரல்ல பழைய நீளம் இல்ல.

"அக்கா... கொஞ்சம் கடைக்கு வர்றீங்களா?"

மோகனோட மோட்டர் பைக்குல பறந்தோம். குணா கவரை மேசை மேல வச்சுட்டு, தூள் சப்ளை பண்றவரை போன்ல புடிச்சுக் கிழிகிழின்னு கிழிச்சுக்கிட்டு இருந்தான். "பொஸ், என்ன தூள் குடுத்தீங்க? என் கடை பேரு என்னாகுறது? கஸ்டமர் என் எதிர்ல நிக்கிறாங்க லா!"

நான் எட்டிப் பார்த்தேன். ரத்தச் சிவப்பு. அவ்ளோ அழகு. ஆனா நட்டநடுவுல சொரசொரன்னு மூணு கோடு. கோட்டுக்கு நடுவுல வட்டமா, பொரிச்ச வடகம் மாதிரி பொங்கி நிக்குது ஒண்ணு.

மோகன் மேல கூரையைப் பார்த்தாரு. குணா திட்டிக்கிட்டே கவரை வெளிச்சத்துக்குத் தூக்கினான். திருப்பினான். திட்டறது நின்னு போச்சு.

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. இது பட்டை மாதிரி இல்ல?"

நானும் கூரையைப் பார்த்தேன்.

"நடுவுல பொட்டு வேற..."

போன்ல இருந்து "ஹலோ? ஹலோ?"ன்னு சத்தம் வந்துக்கிட்டே இருந்துச்சு.

"ஒரே ஒரு சொட்டு தம்பி. நல்லெண்ணெய். ஆயுத பூசைக்கு"ன்னேன்.

குணா தலையில கை வச்சு உக்காந்துட்டான். சப்ளையர்கிட்ட மன்னிப்பு கேட்டான். திரும்ப உரிச்சுச் சுட முடியுமான்னு கேட்டேன். சுடற அவன்ல தீபாவளி வரைக்கும் கார் சக்கர ரிம்மா அடுக்கியிருக்காம். இடமே இல்லையாம். கவர் இல்லாம காரை ஓட்ட முடியாது. அப்பவே எனக்கு அழுகை வந்துருச்சு. இன்னொரு வருஷமும் அந்தச் சிரிப்பைக் கேக்கணுமான்னு இருந்துச்சு.

ஆனா வாயைக் குடுத்தாச்சு. அன்னைக்கு சாயங்காலமே கவரை மாட்டி, மறுநாள் ஷா ஆலம் போயிட்டேன். ஒரு மூலையில நிறுத்தி, போனெட்டைத் திறக்காம அது மேலயே உக்காந்துக்கிட்டேன்.

விடுவாங்களா? தங்கா அண்ணன் மார்க் போடற பேப்பரோட நேரா வந்தாரு. பின்னாலயே மொத்த குரூப்பும்.

"எல்லாம் என் கையாலன்னு மெசேஜ் போட்டியே, எங்கம்மா? திற பார்ப்போம்."

"வெயிலா இருக்குண்ணே. கலர் மங்கிடும்."

"இறங்கும்மா!"

இறங்கினேன். திறந்தேன். கண்ணை மூடிக்கிட்டேன்.

சிரிப்பு வரும்னு காத்திருந்தேன். வரல. கண்ணைத் திறந்து பார்த்தா, பளபளன்னு பைப்பு, அதுக்குப் பக்கத்துல சிவப்பா கவரு, நடுவுல பட்டையும் பொட்டும். தங்கா அண்ணன் தொப்பியைக் கழட்டி அக்குள்ல வச்சிருந்தாரு. பேனாவை எடுத்தாரு, திரும்ப பாக்கெட்ல சொருகிட்டாரு.

"இதுக்கு நான் எப்படிம்மா மார்க் போடறது? எனக்கு குடும்பம் இருக்கு"ன்னாரு. அவர் சம்சாரம் செருப்பைக் கழட்டிட்டு, ஹேண்ட்பேக்குல என்னமோ தேட ஆரம்பிச்சாங்க.

கோப்பை சுபாங் ஜெயாக்காரர் ஒருத்தருக்குப் போச்சு.

எல்லா காருக்கும் மார்க் போட்டாங்க, என் காருக்கு மட்டும் கற்பூரம் காட்டினாங்க.