ரிக்கார்டு சேர்ப்பவர் பாட்டுக் கேட்பதில்லை

பாட்டுக் கேட்கிறவர்கள் ஒரு ரகம், ரிக்கார்டு சேர்க்கிறவர்கள் வேறு ரகம். இரண்டையும் ஒன்று என்று நினைத்து ஏமாந்துபோகிறவர்களில் முதல் ஆள், சேர்க்கிறவரைக் கல்யாணம் செய்துகொண்டவர்.

அதிலும் சோல் ரிக்கார்டு சேர்க்கிறவர் தனிப் பிறவி. தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: தேவாலயத்தில் பாடிப் பழகிய அமெரிக்கக் கறுப்பினக் குரல்கள், காதலுக்காக நெஞ்சு வெடிக்கப் பாடிய பழைய இசை அது. கேட்டால் கல்லும் கரையும். நம் ஆள் கரைய மாட்டார். அந்தப் பாடகர் 'போகாதே, போகாதே' என்று கதறிக்கொண்டிருக்கும்போது இவர் தட்டின் உறையை முகர்ந்து பார்ப்பார், தட்டை எடுத்து விளக்கடியில் சாய்த்துப் பிடிப்பார், லேபிளைச் சுற்றியிருக்கிற வெற்று வட்டத்தில் தொழிற்சாலைக்காரன் ஊசியால் கீறிவைத்த எண்ணைத் தேடுவார், எண்ணுக்குப் பின்னால், எத்தனையாவது அச்சு என்று காட்டும் ஒரு சின்ன எழுத்தும் கிடைத்துவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு வேண்டாம். இந்தப் பாட்டு உங்களுக்குப் பிடிக்குமா என்று கேட்டுப் பாருங்களேன். எந்த வடிவம் என்று திருப்பிக் கேட்பார். சின்னத் தட்டில் வந்ததா, பெரிய தட்டில் வந்ததா? ட்ரம்பெட் இருப்பதா, ட்ரம்பெட்காரர் வராத நாளில் பதிவு செய்ததா? கடைசியில் யாரோ இருமுவது கேட்கிறதா, இல்லையா? ஒரு தலையசைப்பில் முடிந்துவிடும் என்று நீங்கள் நினைத்த விஷயம் அது.

இவ்வளவு விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? தினமும் கண்ணாடி முன்னால் நின்று அந்த ஆளுக்குச் சவரம் செய்துவிடுகிறவனே நான்தான்.

எனக்குத் தொழில் பல் வைத்தியம். இந்த நோய் உள்ளவனுக்கு இதைவிட வசதியான தொழில் கிடையாது. வருகிறவரைச் சாய்த்து உட்காரவைத்து, "வாயைத் திறங்க" என்று சொல்லி, கன்னத்துக்குள் இரண்டு பஞ்சையும் வைத்துவிட்டால், அப்புறம் ஒரே பாட்டின் ஆறு வடிவங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் ஆற அமரச் சொல்லலாம். மறுத்துப் பேச அவருக்கு வாய் இல்லை. ஒருமுறை ஒரு பஸ் கண்டக்டரின் கண்ணில் தண்ணீர் வந்தது. இசையின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன். மரத்துப்போகவைக்கும் ஊசியைப் போட மறந்திருந்தேன்.

எங்கள் தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவரும் இதே ரகம். எதைக் கையில் எடுத்தாலும் துடைக்காமல் கீழே வைக்க மாட்டார். என்னைத் தவிர அவருக்கும், அவரைத் தவிர எனக்கும் பேச ஆள் இல்லாததால், எங்களுக்குள் நட்பு என்று வெளியில் பேச்சு.

போன மாதம் அவரிடம் ஓர் அபூர்வம் வந்து சேர்ந்தது. நான் துரத்திக்கொண்டிருந்த பாட்டின் முதல் பதிவு, ட்ரம்பெட் இல்லாதது. பதிலுக்கு என்னிடம் என்ன கேட்டார் தெரியுமா? அதே பாட்டின் சாதாரணத் தட்டு, எங்கள் வீட்டில் கல்யாணமான புதிதிலிருந்து கிடப்பது. அதன் எண்ணுக்குப் பின்னால் ஓர் எழுத்து இருப்பதை என் பல் பார்க்கும் கண்ணாடியை வைத்து நானே கண்டுபிடித்து, வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் அவரிடம் பீற்றியிருந்தேன். மாற்றிக்கொண்டோம். அவர் என்னை ஏமாளி என்று நினைத்தார், நான் அவரை.

என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. தட்டு மாற்றிய இரண்டாவது வாரம் அவளுக்குப் பணி ஓய்வு. பூங்கொத்தும் பாராட்டுப் பத்திரமுமாக மாலையில் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்து, "நம்ம ரிக்கார்டைப் போடுங்களேன்" என்றாள்.

பெருமையோடு புதிதாக வந்ததைப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவள், ஓர் இடம் வந்ததும் சட்டென்று வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

"இது நம்மளது இல்லயே."

இந்த இடத்தில் மனுஷன் என்ன சொல்ல வேண்டும்? நான் சொன்னது: "இல்லதான். இது அதைவிட முந்தினது!"

அவள் கோபப்பட்டிருந்தால் தேவலை. எழுந்து போய்ப் பூங்கொத்தைத் தண்ணீரில் வைத்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒற்றை அறையில் குடியிருந்த காலத்தில் அவள் கை தவறி, அந்தத் தட்டில் ஒரு துளி தேநீர் சிந்திக் காய்ந்துபோனது. அதற்குப் பிறகு பாடகர் மூன்றாவது 'போகாதே'யைச் சொல்லப் போகும்போதெல்லாம் முள் துள்ளி, அதைத் தாண்டிப் போய்விடும். விட்டுப்போன அந்த ஒரு வார்த்தையை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பாடுவோம். ஆறு வடிவங்களை விரல் விட்டு எண்ணத் தெரிந்தவனுக்கு, உலகத்தில் ஒரே ஒரு பிரதி உள்ள வடிவம் தன் வீட்டு அலமாரியில் இருந்தது தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை.

மறுநாள் காலையில் கண்ணாடிக் கடை திறப்பதற்கு முன்பே போய் நின்றேன். முதல் பதிவை நீட்டி, எங்களுடையதைக் கொடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் சந்தேகமாகப் பார்த்துவிட்டு எடுத்து வந்தார். தட்டு பளபளவென்று இருந்தது.

"நடுவுல ஏதோ அழுக்கு ஒட்டிட்டு இருந்துச்சு, டாக்டர். கண்ணாடி கழுவுற தொட்டியில விட்டு எடுத்தேன். இப்ப ஒரு இடத்துலகூடத் துள்ளாது."

அவரை நான் என்ன சொல்ல? நானாக இருந்தாலும் கழுவியிருப்பேன். வழியெல்லாம் யோசித்தேன். பல் அடைக்கிற சிமென்ட்டில் ஒரு பொட்டு எடுத்து அதே இடத்தில் வைத்தால் என்ன என்றுகூடத் தோன்றியது. வைக்கவில்லை. வீட்டுக்குப் போய் நடந்ததை அப்படியே அவளிடம் சொன்னேன்.

அவள் தட்டை வாங்கிப் போட்டாள். ஒரு 'போகாதே', இரண்டு 'போகாதே'. மூன்றாவது வருகிற நேரத்தில் விரலால் முள்ளை மெல்லத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்தாள்.

"வாயத் திறங்க."

திறந்தேன். இரண்டு பேரும் பாடினோம். எனக்குச் சுருதி சேரவில்லை. அவள் முள்ளை இறக்கிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே மனசுக்குள் இருந்த கழுதை ஒன்று, 'இதையும் சேர்த்தால் ஏழாவது வடிவம்' என்று எண்ணிக்கொண்டது. என்ன செய்வது, பிறவிக் குணம்.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? இவ்வளவு நேரம் படித்தீர்களே, அந்த அம்மாள் மனசு ஆறியதா என்று தவித்தீர்களா, இல்லை, 'அது என்ன பாட்டு, எண்ணுக்குப் பின்னால் இருந்தது எந்த எழுத்து, இந்த ஆள் ஏன் சொல்லாமல் மழுப்புகிறான்' என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்ததா? அரித்திருந்தால், இப்படிக் கொஞ்சம் சாய்ந்து உட்காருங்கள். வாயைத் திறங்கள், பார்க்கலாம்.