அம்மாவுக்கு ஒரு வருத்தமும் இல்லை

நான் ஆசிரியை. என்னிடம் படித்து ஒரு பிழையும் விடாத மாணவி ஒருவர்தான். அவர் என் அம்மா. நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு பொய்.

தம்பி கனடாவில் இருக்கிறான். இன்னும் நிரந்தர விசா இல்லை. வெளிக்கிட்டால் திரும்பிப் போக முடியாது. பதினொரு வருடமாக அவனைப் போனில்தான் பார்க்கிறோம். அம்மாவின் பித்தப்பையில் கல் என்று தெரிந்ததும் அவரைப் பிடித்து இருத்தினேன்.

"போனிலை ஆர் கேட்டாலும் நல்ல சுகம் எண்டு சொல்லுங்கோ. அவன் பாவம், அங்கை கிடந்து துடிப்பான்."

(ஆர் கேட்டாலும்! என் நாக்கில் சனி.)

என் வேலையோடு வரும் மருத்துவக் காப்புறுதியில் அம்மாவும் சேர்த்தி. ஆனால் செலவை அவர்கள் கட்டுவதென்றால், சத்திரசிகிச்சைக்கு முன்பே கொழும்பிலுள்ள காப்புறுதி அலுவலகத்திலிருந்து அனுமதிக் கடிதம் வரவேண்டும். எல்லாப் பத்திரங்களையும் அனுப்பிவிட்டு, பெரிய நிர்வாகி என்ற நினைப்பில், கோப்பாயிலிருந்து அம்மாவை ஓட்டோவில் ஏற்றி யாழ்ப்பாணத்துத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் இறக்கினேன். அம்மா வெறும் வயிற்றோடு கட்டிலில். கடிதத்தைக் காணவில்லை.

கவுண்டரில் இருந்த பிள்ளையோடு சண்டைக்குப் போனேன். அவள் ஆறுதலாகச் சொன்னாள்: காப்புறுதிக்காரர் நேற்று நோயாளியோடு போனில் பேசினார்களாம். தனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நல்ல சுகம், நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று அவரே சொன்னாராம். (பேசிய உத்தியோகத்தரிடம், நீங்கள் சாப்பிட்டீர்களா என்றும் அம்மா விசாரித்தாராம்.) அதனால் அனுமதி இல்லை.

கொழும்புக்குப் போன் எடுத்து, அதே உத்தியோகத்தரை ஸ்பீக்கரில் போட்டு, அம்மாவின் கையில் கொடுத்தேன்.

"உண்மையைச் சொல்லுங்கோ அம்மா."

"சொல்லலாமோ?"

"ஓம்."

சொன்னார். எது சாப்பிட்டாலும் விலாவில் குத்துவது, படுக்க முடியாமல் இருந்தபடியே நித்திரை கொள்வது, எல்லாம். பாதி எனக்கே தெரியாது. அதோடு நிறுத்தவில்லை.

"என்ரை பிள்ளை ஒண்டு கனடாவிலை. அவனைப் பாக்காமல் போயிடுவனோ எண்டு பயமாக் கிடக்கு, தம்பி. அவனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

"சரி அம்மா" என்றார் உத்தியோகத்தர். எனக்கு ஓவென்று அழவேண்டும் போலிருந்தது. அரை மணித்தியாலத்தில் கடிதம் வந்துவிட்டது.

கல் போய்விட்டது, கதை போகவில்லை. எங்கள் குடும்பத்தில் யாராவது "நல்ல சுகம்" என்றால் "அப்ப அனுமதி இல்லை" என்பதுதான் பதில். அம்மா சுகமான பிறகு விஷயத்தை அறிந்த தம்பியும் போன் எடுத்தவுடன், "கொழும்புக்குச் சொன்ன மாதிரி முழுக்கச் சொல்லுங்கோ" என்பான். அம்மா முழங்காலில் தொடங்கி, காலில் முளைத்த ஆணிவரை சொல்லுவார். அவன் விழுந்து விழுந்து சிரிப்பான். கொழும்புக்குக் கடைசியாகச் சொன்ன அந்தப் பயத்தை மட்டும் விட்டுவிடுவார்.