பிணையாக வைத்த பெண்

ஒரு விடுகதை. ஊருக்குப் போகிறவர்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போவதில்லை, வீட்டோடு விட்டுவிட்டுத்தான் போவார்கள். அவர்கள் திரும்பும் வரை அது வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். அது என்ன?

பூட்டு என்பீர்கள். வீட்டில் அதுதான் சரியான விடை. மீள்வருகை உறுதிப் பிரிவு என்ற அலுவலகத்தில் அப்படிச் சொன்னால் மதிப்பெண் கிடையாது. அங்கே விடை வேறு.

காய்கறிக் குளிர்கிடங்கு ஒன்றில் மேலாளராக இருந்தவர், தம் குடும்பத்தை வடக்கே இருந்த ஒரு பனிநாட்டுக்கு அழைத்துப் போகத் தீர்மானித்தார். பகலெல்லாம் கிடங்கில் கம்பளிக் குல்லாய் போட்டு நடுங்குகிற மனிதர் காசு கொடுத்து வேறு ஊருக்குப் போய் நடுங்குவானேன் என்று நீங்கள் கேட்கலாம். அவர் குடியிருந்த அடுக்குமாடியில் அப்படி யாரும் கேட்கமாட்டார்கள். அங்கே பெரும்பாலோர் போய்வந்துவிட்டார்கள். "இன்னும் போகலையா நீங்க?" என்று லிஃப்டில் கேட்பார்கள். இன்னும் குளிக்கலையா என்று கேட்கிற அதே குரலில் கேட்பார்கள்.

அவருடைய மகள் சுண்டுவுக்கு மட்டும் போவதற்கு ஒரு காரணம் இருந்தது. இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அந்த நாட்டில் ஓர் அருவி குளிர்காலத்தில் அப்படியே உறைந்து நின்றுவிடும் என்று படத்தில் பார்த்திருந்தாள்.

"உறைஞ்ச அருவி சத்தம் போடுமாம்மா?"

"போய் நீயே காது வெச்சுக் கேளு. உனக்காகத்தானே போறோம்," என்றாள் அம்மா.

அதன் பிறகு தினமும் சாப்பாட்டு மேசையில் வரைபடம் விரிந்தது. கடலோடிகளின் பழைய கோட்டை, மரத்தாலான ஆலயம், வெந்நீர் ஊற்று, வானத்தில் நெளியும் பச்சை ஒளி என்று அப்பா வட்டம் போட்டார். அருவிக்கு வட்டம் போடும் பொறுப்பு சுண்டுவுடையது. அவள் போட்ட வட்டத்துக்குள் பக்கத்து நாடும் கொஞ்சம் வந்துவிட்டது.

ஆனால் நாட்டை விட்டுப் போகிறவர் திரும்பி வருவார் என்று மீள்வருகை உறுதிப் பிரிவு நம்ப வேண்டும். நம்பாமல் இருப்பதற்காகவே அங்கே ஓர் அதிகாரியை நியமித்திருந்தார்கள். அப்பா, அம்மா, சுண்டு மூவரும் அவர் எதிரே போய் உட்கார்ந்தார்கள்.

"திரும்பி வருவீங்கன்னு என்ன நிச்சயம்?"

"வேலை இருக்கு சார்."

"வேலை போயிடலாம்."

"சொந்த வீடு இருக்கு சார்."

"வீடு உங்களை நினைச்சு அழுமா?"

அப்பா யோசித்து, "அழாது சார்," என்றார்.

"அழக்கூடியதா ஒண்ணை விட்டுட்டுப் போங்க. அதுக்கு மீள்வருகைப் பிணைன்னு பேர்."

மூன்று பேருடைய பார்வையும் சுண்டுவின் மேல் விழுந்தது.

"ஐயோ, இவளுக்காகத்தானே சார் போறதே!" என்றாள் அம்மா.

"அப்போ ரொம்பப் பொருத்தம்மா. யாருக்காகப் போறீங்களோ, அவங்ககிட்டதானே ஓடி வருவீங்க?"

இந்த வாதத்தில் ஓட்டை எங்கே என்று அம்மாவும் அப்பாவும் வீடு வரை தேடினார்கள். கிடைக்கவில்லை. பயணமே வேண்டாம் என்றுகூட அம்மா ஒரு நிமிடம் நினைத்தாள். ஆனால் லிஃப்டில் சொல்லியாகிவிட்டது. சுண்டுவைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு இருவரும் விமானம் ஏறினார்கள். பச்சை ஒளி சரியாகப் படத்தில் விழவில்லை என்று இன்னும் ஒரு வாரம் கூடுதலாகத் தங்கினார்கள்.

திரும்பி வந்ததும் சுண்டு பெட்டியைக்கூடப் பார்க்கவில்லை.

"அப்பா, அருவி சத்தம் போட்டுச்சா?"

அப்பா வீடியோவைக் காட்டினார். அருவி நின்றது. பின்னணியில் ஒரு காதல் பாட்டு ஓடியது.

"பாட்டுதான் கேக்குது."

"அது எடுப்பா இருக்கும்னு சேர்த்தேன்டா. உள்ள இருந்த சத்தத்தை எடுத்துட்டேன்."

"நேர்ல கேட்டிருப்பீங்களே?"

"நேர்ல எங்கடா நிக்க விட்டாங்க! பின்னாடி படம் எடுக்க அவ்வளவு கூட்டம்."

சுண்டு லிஃப்டில் மூன்றாம் மாடி அத்தையிடம் கேட்டாள். அவர் போன வருடமே போய்வந்தவர்.

"அருவியா கண்ணு? இரு… ஆங், அங்க நான் சிவப்புக் கோட்டு போட்டிருந்தேன்."

இதற்கிடையில் பிரிவு ஓர் ஆய்வு நடத்தியது. பிள்ளைகளைப் பிணையாக வைத்தவர்கள் சொன்ன தேதியில் வருவதில்லை, நிம்மதியாகச் சில நாள் கூடுதலாகவே தங்குகிறார்கள் என்று தெரிந்தது. ஆனால் போனை வீட்டில் மறந்துவிட்டுப் போன ஒருவர் விமான நிலைய வாசலிலிருந்தே அலறிக்கொண்டு திரும்பியிருந்தார். ஆகவே, 'குழந்தை போதுமான பிணையாக அமையவில்லை எனக் கருதப்படுவதால்' இனி கைபேசியே பிணை என்று உத்தரவு வந்தது.

"இந்தத் தடவை உன்னைக் கூட்டிட்டே போறோம்!" என்றார் அப்பா. சித்தியும் சேர்ந்துகொள்ள, நால்வரும் அலுவலகத்துக்குப் போனார்கள். பெஞ்சு நிறைய அடுக்குமாடிக்காரர்கள். இரண்டாம் முறை போய்வருவது இப்போது வழக்கமாகியிருந்தது.

அதிகாரி ஓர் எவர்சில்வர் தட்டை நீட்டினார்.

"போனை இதுல வைங்க."

"எவ்வளவு நேரத்துக்கு சார்?"

"போய்த் திரும்புற வரைக்கும்."

அப்பா சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை.

"அப்போ அங்க போய் என்ன சார் பண்றது?" அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அது எங்க பிரிவுக்கு வராது."

பெஞ்சு மெல்லக் காலியாயிற்று. ஒருவருக்கு முழங்கால் வலி. ஒருவருக்குக் குளிர் ஒத்துக்கொள்வதில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மூன்றாம் மாடி அத்தை, "பார்த்த இடத்தையே எத்தனை தடவை பார்க்கிறது?" என்று எழுந்துவிட்டார். போகிறவரே இல்லாததால் திரும்பாதவரும் இல்லை என்று அதிகாரி முகம் மலர்ந்தது. பிரிவு தொடங்கிய நாளிலிருந்து இப்படி ஒரு வெற்றி கிடைத்ததில்லை.

அப்பாவும் அம்மாவும் பெஞ்சில் உட்கார்ந்து, பயணத்தை ஏன் கைவிட்டோம் என்று எல்லோருக்கும் செய்தி அனுப்பத் தொடங்கினார்கள்.

சித்தி தன் போனைத் தட்டில் வைத்தாள்.

"நானும் போறேன்," என்றாள் சுண்டு.

"உனக்குத்தான் போன் இல்லையேம்மா. பிணையா எதை வைப்ப?" என்றார் அதிகாரி.

சுண்டு பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். இருவரும் நிமிரவில்லை.

"இவங்களை," என்றாள்.

அதிகாரி உத்தரவைப் புரட்டினார். பெற்றோரைப் பிணையாக வைக்கக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. அம்மாவா, அப்பாவா, யாராவது ஒருவர் போதும் என்றார்.

சுண்டு இரண்டு பேரையும் வைத்தாள்.