ஒன்பது படியும் ஒரு தபால்காரரும்

"ஹ்ஹா!" என்று எட்னா சிரித்தாள். சரியாக அதே இடத்தில்.

கிளிஃபோர்ட் ஹோல்ராய்டும் உடனே "ஹ்ஹா" என்றார். எதற்குச் சிரிக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. நாற்பத்து மூன்று வருஷமாகத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வறுத்த இறைச்சியும் உருளைக்கிழங்கும் உள்ளே போனபிறகு, 'மாடியில் இடமில்லை' தொடரில் ஒரு பகுதி பார்ப்பது அந்த வீட்டு வழக்கம். கடற்கரை விடுதி நடத்தும் ஒரு கஞ்சன், அவனிடம் வந்து மாட்டிக்கொண்ட விருந்தாளிகள். எழுபதுகளில் எடுத்த நகைச்சுவை. டேப்பில் தொடங்கி டிவிடிக்கு வந்தாகிவிட்டது, வசனமெல்லாம் மனப்பாடம். மழையோ முதுகுவலியோ, அதைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் பாதி குணமாகிவிடும்.

நான்காம் பகுதியில் மட்டும் ஒரு முள். நீல கவுன் போட்ட ஒரு பெண் மாடிப்படியில் இறங்கி வருவாள். மொத்தம் ஒன்பது படி. யாரும் பேசமாட்டார்கள், பின்னணிச் சிரிப்பொலிகூட இருக்காது. எட்னா மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள்.

அவளையே கேட்டுவிட வேண்டியதுதானே என்பீர்கள். கல்யாணமான புதிதில், முதல் தடவையே மனுஷன் கூடச் சேர்ந்து சிரித்துத் தொலைத்துவிட்டார். புரியாத ஜோக்குக்குச் சிரித்தேன் என்று இத்தனை வருஷம் கழித்து ஒப்புக்கொள்ள எங்கள் ஹாலிஃபாக்ஸ் ஊர்க்காரன் எவனுக்கும் வாய் வராது.

செவ்வாய்க்கிழமை எட்னா சர்ச்சுக்குப் பூ அலங்காரம் செய்யப் போனாள். கிளிஃபோர்ட் தனியாக உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் காட்சியைப் பதினோரு தடவை பார்த்தார். பதினோராவது தடவைதான் கண்ணில் பட்டது. பின்னால், வாசல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒரு தபால்காரன். நல்ல உயரம், அடர்த்தியான மீசை. கடிதத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறான். நாலே நொடி.

"இவனைப் பார்த்தா சிரிக்கிறா?" என்று டிவியைக் கேட்டார்.

கல்யாணத்துக்கு முன் எட்னா ஒரு கோடை முழுக்க ஸ்கார்பரோ கடற்கரையில் ஹோட்டல் வேலை பார்த்தவள். தொடரைப் படம்பிடித்ததும் ஸ்கார்பரோவில்தான். கிளிஃபோர்ட் பேனாவை எடுத்தார்.

தொடரின் ரசிகர் சங்கத்துக்கு ஒரு கடிதம் போட்டார். அந்தத் தபால்காரர் யார், சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்று. நாலாம் நாள் சங்கச் செயலாளர் ஜெரால்டே போனில் வந்துவிட்டார்.

"ஐயா, அம்பது வருஷத்துல அவரைப் பத்திக் கேட்ட முதல் ஆள் நீங்கதான்! பேரு பெர்சி லம்லி. இன்னமும் ஸ்கார்பரோலதான் இருக்காரு."

"அப்படியா. ரொம்ப நன்றிங்க, அது போதும்."

"போதுமாவது! உங்க லெட்டரை அப்படியே அவருக்கு அனுப்பிட்டேன்."

"அனுப்பிட்டீங்களா!"

"படிச்சுட்டு அழுதுட்டாராம், பாவம்."

அந்த வாரமே பெர்சியிடமிருந்து நாலு பக்கக் கடிதம் வந்தது. பதில் போடாமல் இருக்க முடியுமா? நன்றி சொல்லி எழுதிய கிளிஃபோர்ட், கை பழக்கத்தில் கடைசி வரியாக, 'இந்தப் பக்கம் வந்தால் அவசியம் தேநீருக்கு வரவேண்டும்' என்று முடித்துவிட்டார். எங்கள் ஊரில் இதற்கு அர்த்தம், தயவுசெய்து வந்துவிடாதீர்கள் என்பது. பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். பெர்சியை அம்பது வருஷமாக யாரும் கூப்பிடாததாலோ என்னவோ, மனுஷன் அந்த அர்த்தத்தை மறந்துபோயிருந்தார். ஞாயிறு மூன்று மணிக்கு வருகிறேன் என்று அஞ்சலட்டை வந்தது.

"யாரு கிளிஃப் இந்த பெர்சி?" என்றாள் எட்னா.

"மில்லுல கூட வேலை பார்த்தவரு."

"எந்தப் பிரிவு?"

"தபால்."

"கம்பளம் நெய்யற மில்லுல தபால் பிரிவா?"

"சின்னப் பிரிவு, எட்னா கண்ணு. ஒரே ஆள்தான்."

ஞாயிறு மூன்றடித்ததும் பெர்சி வந்து நின்றார். எண்பத்திரண்டு வயது, மீசை வெள்ளை, கையில் எலுமிச்சைக் கேக். கிளிஃபோர்ட் போலீஸ்காரர் மாதிரி எட்னாவின் முகத்தையே பார்த்தார். ஒரு சலனமும் இல்லை.

"வாங்க வாங்க. மில்லு ஞாபகமெல்லாம் வருமா?" என்றாள்.

"எந்த மில்லும்மா? நான் நடிகன்."

எட்னா மெதுவாகத் திரும்பினாள். "கிளிஃப்?"

இதற்குமேல் தாங்காது. கிளிஃபோர்ட் எல்லாவற்றையும் கொட்டினார். "அந்த இடத்துல நீ எதுக்குச் சிரிக்கிறேன்னு எனக்குத் தெரியணும். இவரை உனக்கு முன்னாடியே தெரியுமா? ஸ்கார்பரோல... அந்த சம்மர்ல..."

"இவரையா?" எட்னா பெர்சியை மேலும் கீழும் பார்த்தாள். "தப்பா நினைக்காதீங்க, உங்களை நான் இதுவரைக்கும் பார்த்ததே இல்ல."

பெர்சியின் முகம் வாடிவிட்டது. "சீரியல்லகூடவா?"

"அதுல தபால்காரர் வர்றாரா?"

கிளிஃபோர்டுக்கு உயிர் வந்தது. அடுத்த நொடியே பழைய அரிப்பும் வந்தது. "அப்ப எதுக்குத்தான்டி சிரிக்கிற?"

"சொல்லமாட்டேன். சொன்னா நின்னுபோயிடும்."

பெர்சியைச் சமாதானப்படுத்தவாவது டிவிடியைப் போட வேண்டியிருந்தது. சோபாவில் தம்பதி உட்கார்ந்தார்கள். மிச்சமிருந்தது டிவிக்குப் பக்கத்து நாற்காலிதான். அதிலிருந்து படம் தெரியாது, சோபா மட்டும்தான் தெரியும்.

"பரவாயில்ல. என் நாலு செகண்டு எனக்கு மனப்பாடம்" என்று பெர்சி அதிலேயே உட்கார்ந்துகொண்டார்.

நீல கவுன் வந்தது. ஒரு படி. இரண்டு படி. மூன்று.

"ஹ்ஹா!"

"இப்ப! இப்ப என்ன வந்துச்சு?" கிளிஃபோர்ட் கத்தினார். எட்னா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பெர்சி கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, அந்தப் பொண்ணு படியிறங்குறப்பல்லாம் இவரு இப்படித்தான் தொப்பையை உள்ள இழுத்துக்குவாரா?"